இடி இடித்தால் பல்பைப் போடு

பெருமாள் நித்திரை கொள்ளவில்லை. முதலில் அதை எழுதி வைக்கிறேன். வயர்லெஸ் பாடமெல்லாம் பிறகு.

சென்ற மாதம் எங்கள் பழைய திணைக்களத்திலிருந்து இரண்டு இளம் பொறியியலாளர்கள் வவுனியாவில் என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். குளங்களில் வெள்ள எச்சரிக்கைக்குப் புதிய கருவிகள் பூட்டப்போகிறார்களாம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அந்தக் காலத்து வயர்லெஸ் எப்படி வேலை செய்தது என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். சந்தோஷமாக ஓம் என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பும்போது அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஐயா, அந்த நித்திரை கொண்ட ஒப்பரேற்றர்ர கதையையும் போடுங்கோ. வெள்ளம் வரேக்க வயர்லெஸ் செற்றுக்குப் பக்கத்தில படுத்துக் கிடந்தவராமே. பெடியளுக்கு நல்ல பாடமாயிருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆர் தம்பி சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்லுறவை ஐயா."

எல்லாரும் சொல்கிறார்களாம். அந்த எல்லாரும் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? நான் இருந்தேன். அந்தப் பெட்டியைப் பூட்டியவன் நான், பிறகு அதே பெட்டியை விசாரணைக்காரருக்கு முன்னால் ஓட்டிக் காட்டியவனும் நான். அந்தப் பிள்ளைமேல் கோபப்பட்டு என்ன பயன். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை அவருக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போய்வாருங்கள், எழுதி அனுப்புகிறேன் என்றேன். அனுப்பப்போவது இதைத்தான். பிடித்தால் பயிற்சிக்குக் கொடுக்கட்டும், பிடிக்காவிட்டால் குப்பையில் போடட்டும்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து உடையார்கட்டுப் பக்கம் வயல் செய்ய வந்தவர். எனக்கு வயல் வேலை ஒத்துவரவில்லை. பழுதான வானொலிகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவனைக் கொழும்பில் பயிற்சிக்கு எடுத்தார்கள். அங்கே கற்றது பாதி, வன்னிக் காட்டுக்குள் மழையிலும் எறும்புப் புற்றிலும் கற்றது மீதி. எழுபத்தேழாம் ஆண்டு வயர்லெஸ் தொழில்நுட்பவியலாளன் என்ற பெயரோடு திரும்பி வந்தேன். பெரிய குளங்களில் அணைக்கட்டுக்கு ஒரு பெட்டி, கீழே குடியேற்ற அலுவல் பார்க்கிற கந்தோருக்கு ஒரு பெட்டி என்று பூட்டுவதுதான் வேலை. குளம் நிரம்பி வான்கதவு திறப்பதற்கு முன்னால், கீழே இருக்கிற சனத்துக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் அத்தனை கம்பியும் வால்வும்.

பயிற்சிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். வயர்லெஸ் பெட்டிக்குள் ஒரு சின்னப் பளிங்குத் துண்டு இருக்கும். அது ஒரே கதியில் துடிக்கும். அந்தத் துடிப்பை வால்வுகள் என்கிற கண்ணாடிக் குழாய்கள் பெருக்கும். மைக்கில் நாம் பேசுவது அதன்மேல் ஏறும். இவ்வளவும் பெட்டிக்குள் நடக்கிற வேலை. பெருக்கிய சக்தியை ஏரியல் கம்பிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அது ஆகாயத்துக்குப் போகும். கடைசி வால்வும் கம்பியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், அனுப்பிய சக்தி திரும்பி வந்து வால்வையே சுடும். வால்வின் தகடு சிவந்து பழுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பொருத்தத்தைச் செய்து வைப்பது நடுவில் இருக்கிற ஒரு சுருளும் இரண்டு கண்டென்சர்களும்தான்.

அவற்றுக்கு முகப்பில் இரண்டு திருகிகள். முதலாவதைத் திருப்பினால் ஓர் இடத்தில் மீற்றர் முள் சட்டென்று விழும். அங்கே நிறுத்த வேண்டும். பிறகு இரண்டாவதைக் கொஞ்சம் ஏற்ற முள் எழும்பும். மறுபடி முதலாவதைத் தொட்டு முள்ளை விழுத்த வேண்டும். இப்படி மாறி மாறிச் செய்து, முள் தன் எல்லைக் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டால் வால்வு போய்விடும். அந்த வால்வு ஒன்று கொழும்பிலிருந்து வந்து சேர மாசக்கணக்கு ஆகும்.

இந்தச் சோதனையை ஏரியலில் வைத்துச் செய்தால் அலைவரிசையில் இருக்கிற மற்ற எல்லாக் குளத்துக்கும் இரைச்சல். ஆகவே ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பைப் பூட்டுவோம். வீட்டில் எரிகிற சாதாரண பல்ப்தான். டம்மி லோட் என்று அதற்குப் பெயர். ஏரியலுக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் பல்புக்குள் போய் வெளிச்சமாகவும் சூடாகவும் முடிந்துவிடும். பல்ப் பிரகாசமாக எரிந்தால் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு சொல்லும் ஊர் தாண்டிப் போகாது. கம்பிகளில் கசிகிற கொஞ்சம் மட்டும் பக்கத்தில் நிற்கிற இன்னொரு பெட்டிக்குக் கேட்கும். இந்தக் கசிவை மறந்துவிடாதீர்கள். ஒருவரின் வாழ்க்கையை அழித்ததில் இதற்கும் பங்கு உண்டு.

எங்களுக்கு மேலே இருந்தவர் அத்தியட்சகர் கேதாரநாதன். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு மடிப்புக் குலையாமல் காட்டுக்குள் வருவார். பெட்டியைத் தொடுவதற்கு முன் கைலேஞ்சியை எடுத்து முகப்பைத் துடைப்பார். திருகியை இரண்டு விரலால் மட்டும் பிடிப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. நாங்கள் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுகிற பெட்டியை அவர் வந்து நின்ற நிலையிலேயே சரிப்படுத்திவிடுவார். எங்களை 'தம்பி' என்பார். அணைக்கட்டில் வேலை செய்கிற ஆட்களை எந்தப் பெயராலும் கூப்பிட மாட்டார். 'அவன்', 'இவன்', அவ்வளவுதான்.

அவருக்குப் பெட்டிகள்மேல் இருந்த அன்பு மனுசர்மேல் இருக்கவில்லை. இதை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்னை இடம் மாற்றித் தூக்கிக் கடலோரம் எறிந்திருப்பார்கள்.

குளத்தின் பெயரை நான் எழுதவில்லை. கனகராயன்குளத்திலிருந்து கிழக்கே காட்டுப் பாதையில் போக வேண்டும். அணைக்கட்டின் தலைப்பில் ஒரு சின்னக் கந்தோர். அதற்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பாலை மரங்களுக்கு இடையில், எங்கள் அலை நீளத்தின் பாதிக்கு அளந்து கம்பி கட்டினேன். ஆற்றோடு கீழே போனால் குடியேற்றக் கந்தோர். இரண்டுக்கும் இடையில், ஆற்றை ஒட்டிய பள்ளக் காணியில், ஆற்றுவெளி என்று ஒரு குடியிருப்பு. எழுபத்தேழு இனக்கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்த சனம் அங்கே குடிசை போட்டிருந்தது. மேட்டுக் காணியெல்லாம் முன்பே வந்த எங்களைப் போன்ற ஆட்களிடம் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது தண்ணீர் வருகிற பள்ளம்.

பெருமாள் அந்த ஆற்றுவெளிக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். என் வயதுதான் இருக்கும். குளத்துக் காவலாளியாகச் சேர்ந்தவர். குரல் மணி மாதிரி தெளிவாக இருந்ததால் அவரையே வயர்லெஸ்ஸில் பேச விட்டார்கள். வீட்டில் மனைவியும் தகப்பனும். தகப்பன் பெயர் வீரன். கிழவனுக்குக் கண் தெரியாது. ஒரு முறை பெருமாள் என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனபோது, அந்த மனுசன் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பி புடிக்கிற கையாட்டம் இருக்கு, மம்பட்டி புடிச்சதில்லையே" என்று சிரித்தார். சரியாகத்தான் சொன்னார்.

பெட்டி பூட்டி முடிந்ததும் திறப்பு விழா வைத்தார்கள். பெரிய இடத்து ஆட்கள் வந்தார்கள். வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, எல்லாம் ஆயத்தம். அத்தியட்சகர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஏரியலைக் கழட்டிப்போட்டு பல்பைப் பூட்டும்."

"ஐயா, விழாவில கீழ்க் கந்தோரோட கதைக்கிறது எண்டெல்லோ சொன்னவை? பல்பில போட்டா அங்க கேக்காதே."

"கீழ்க் கந்தோர் வேண்டாம். அவங்கள் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் மானத்தை வாங்கிப்போடுவாங்கள். மற்றப் பெட்டியை ஜீப்பில வைச்சு அணைக்கட்டில நிப்பாட்டும். அதுக்குக் கேக்கும்."

"அது கசியிறது ஐயா. அனுப்புறதில்லை."

"எனக்குத் தெரியாதோ அது? பாக்க வாற ஆக்களுக்கு மீற்றர் முள் விளங்காது தம்பி. அவைக்கு வெளிச்சம் வேணும்."

வெளிச்சம் கொடுத்தோம். பெருமாள் மைக்கில் வணக்கம் சொல்லச் சொல்ல, அவர் குரலுக்குத் தக்கபடி பல்ப் மினுங்கியது. ஜீப்பிலிருந்து அந்த வணக்கம் திரும்பி ஒலித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பெரிய மனிதர் ஒருவர் பல்பைக் காட்டி, இது எரிந்தால் பேச்சுப் போகிறது என்று அர்த்தமா என்று கேட்டார். அத்தியட்சகர் ஓம் என்று தலையை ஆட்டினார். பெருமாள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

விழா முடிந்ததும் அத்தியட்சகர் பெருமாளுக்குக் கட்டளைகள் சொன்னார். ஏரியலுக்கு முள் விழுகிற இடத்தில் திருகிகளில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். பல்புக்கு விழுகிற இடத்தில் சிவப்புப் புள்ளி. மாரியில் பெட்டிக்குள் ஈரம் பிடிக்கும் என்பதால் காலையிலும் பின்னேரத்திலும் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். இடி இடித்தால் ஏரியலைக் கழற்றி நிலக்கம்பியில் கொழுவிவிட்டு, பல்பைப் போட்டு, சிவப்பில் ஓட விட வேண்டும். ஏரியலில் மின்னல் இறங்கினால் பெட்டி போய்விடும், ஒன்றும் பூட்டாமல் ஓட விட்டால் வால்வு போய்விடும். இது ஒரு கட்டளை. மாரிக் காலத்தில் இரைச்சலில் மறுமொழி கேட்காது, அதற்காகக் காத்திருந்து பற்றரியைத் தின்னக்கூடாது, செய்தியை மூன்று தரம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இது இன்னொன்று.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டையும் ஒன்றாக ஒருவரின் கையில் கொடுத்து, அதற்கு முன்னால் அந்த வெளிச்ச விளையாட்டையும் காட்டினால் அந்த மனுசன் என்னத்தை விளங்கிக்கொள்வார்? இடியோடு வெள்ளம் வந்தால் என்ன செய்வார்?

நான் கேட்டேன். "ஐயா, ஒப்பரேற்றர்மாருக்கு ஒரு நாள் வகுப்பு வைப்பம். பல்ப் என்ன, ஏரியல் என்ன எண்டு விளங்கப்படுத்தினா நல்லது."

அவர் கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். "தோட்டக்காட்டு ஆக்களுக்கு ஏன் தம்பி தியரி? சிவப்பும் வெள்ளையும் தெரிஞ்சாக் காணும்."

அன்றைக்கே என்னை ஜீப்பில் ஏற்றிப் பூவரசங்குளம் பக்கத்தில் வேலைக்கு அனுப்பினார். நீ ஏன் பெருமாளுக்குச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வகுப்பு கேட்டேன். அதிகாரம் அவரிடம் இருந்தது. என் வாயை அடைத்தவர் அவர்.

அடுத்த மாரியில் அது நடந்தது. மழை நாட்கணக்காக விடவில்லை. குளம் தளும்பிக்கொண்டு நின்றது. ஒரு பகல் வேளை, இடி காதைப் பிளக்கிறது. குளத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வான்கதவு திறக்க முடிவு செய்தார். திறக்காவிட்டால் அணைக்கட்டே உடைந்திருக்கும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கீழே அறிவிக்கும்படி பெருமாளிடம் சொன்னார். பெருமாள் தமக்குச் சொல்லிக் கொடுத்தபடி ஒன்றும் பிசகாமல் செய்தார். ஏரியலைக் கழற்றினார். பல்பைப் போட்டார். திருகிகளைச் சிவப்புக்குக் கொண்டுவந்தார். வான்கதவு திறக்கிறோம், ஆற்றுவெளி ஆட்களை மேட்டுக்கு ஏற்றுங்கள் என்று மூன்று தரம் சொன்னார். பல்ப் நன்றாக எரிந்தது. உத்தியோகத்தர் வாசலில் நனைந்தபடி வந்து கேட்டார்.

"சொல்லியாச்சோ?"

"சொல்லியாச்சுங்க ஐயா. மூணு தடவ சொல்லிட்டேன்."

கதவு திறந்தது.

கீழ்க் கந்தோரில் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஆற்றுவெளியில் இளம் ஆட்கள் எல்லாரும் மேட்டு வயல்களில் கூலிக்குக் களை பிடுங்கப் போயிருந்தார்கள். ஆடு மாடு போனது. குடிசைகள் போயின. தண்ணீர் வற்றிய பிறகு வீரன் என்கிற அந்தக் கண் தெரியாத மனுசனை ஒரு நாயுருவிப் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். அவர் மேடு என்று நினைத்து ஆற்றுப் பக்கமாக நடந்திருக்கிறார்.

தகப்பனை அடக்கம் செய்த கையோடு பெருமாளை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். செய்தி வரவில்லை என்று கீழ்க் கந்தோர் சொன்னது. ஆகவே மேலே அணைக்கட்டில் இருந்தவன் சொல்லவில்லை. நித்திரை கொண்டிருப்பான், குடித்திருப்பான். கந்தோர்களில் இதுதான் கதை. தன் தகப்பன் படுத்திருக்கிற குடிசைக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்த ஒருவன் நித்திரை கொள்வானா? இதை யோசிக்கப் படிப்பு வேண்டுமா? அந்தக் கதையை முதலில் அவிழ்த்துவிட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய காற்சட்டையில் அப்போதும் மடிப்புக் குலையவில்லை.

கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர், அமைதியானவர். அணைக்கட்டுக் கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்தார். அத்தியட்சகர் அவருக்குப் பக்கத்தில். பெருமாளை நிற்க வைத்திருந்தார்கள். நான் கேட்காமலே உள்ளே போனேன்.

"ஐயா, அண்டைக்கு இருந்த மாதிரியே பெட்டியை ஓட்டிக் காட்டுறன். நீங்களே கேட்டுப் பாருங்கோ" என்றேன்.

அத்தியட்சகர் மெல்லிய குரலில், "தம்பி, இது உம்மட வேலையில்லை" என்றார்.

"பெட்டி என்ர வேலை ஐயா."

அதிகாரி சம்மதித்தார். பல்பைப் பூட்டினேன். சிவப்பில் வைத்தேன். பெருமாளிடம் மைக்கைக் கொடுத்து, நிறுத்தாமல் பேசச் சொன்னேன். அதிகாரியையும் இன்னொரு பெட்டியையும் ஜீப்பில் ஏற்றி அணைக்கட்டோடு ஓட்டினேன். முதலில் பெருமாளின் குரல் நன்றாகக் கேட்டது. அணைக்கட்டு வளைகிற இடத்தில் தேய்ந்தது. காட்டுக்குள் இறங்கியதும் இரைச்சல் மட்டும்தான். அதிகாரி பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து ஏரியலைப் பூட்டி, வெள்ளைப் புள்ளிக்குத் திருப்பினேன். கீழ்க் கந்தோரிலிருந்து உடனே மறுமொழி வந்தது.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு கட்டளையையும் வரிசையாகச் சொன்னேன். விழாவில் காட்டிய விளையாட்டையும் சொன்னேன். இந்த மனுசன் சொன்னதைச் சொன்னபடி செய்தவர், பிழை இவருக்குச் சொல்லிக் கொடுத்ததில் இருக்கிறது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அத்தியட்சகர் கொஞ்சமும் அசையாமல், "பல்புக்குள்ள கதைச்சா வெளிய போகும் எண்டு ஆர் நினைப்பான்? இது சாதாரண புத்தி" என்றார். எந்தப் பல்பைக் காட்டிப் பெரிய மனிதருக்குத் தலையாட்டினாரோ அதே பல்பைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னார்.

அப்போதுதான் பெருமாளைப் பார்த்தேன். அவர் அத்தியட்சகரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் பேசுனது ஒண்ணுமே போகலைங்களா ஐயா?"

அதுவரை அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. தாம் சொன்னார், கீழே யாரோ கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த நாட்களைத் தள்ளியிருக்கிறார். அவரைக் காப்பாற்ற வந்த நான்தான் அதையும் பிடுங்கினேன். வேறு வழி இருக்கவில்லை. "இல்லை பெருமாள், போகேல்லை" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி பெருமாளிடம், அன்றைக்கு மைக்கில் என்ன பேசினீர், ஒரு சொல்லும் விடாமல் சொல்லும் என்று கேட்டார். நித்திரை கொள்ளவில்லை என்பதற்கு அது சாட்சியாகும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெருமாள் சொன்னார். முதல் தரம் சொன்னதையும் இரண்டாம் தரம் சொன்னதையும் அப்படியே சொன்னார். மூன்றாம் தரத்தில் கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"மூணாவது வாட்டி எல்லாஞ் சொல்லி முடிச்சப்புறம், 'எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது, குடிசையில தனியா இருக்காரு, யாராச்சும் கையப் புடிச்சு மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னேங்க."

அத்தியட்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர் அதிகாரியின் பக்கம் சரிந்து ஆங்கிலத்தில் இரண்டு வசனம் பேசினார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

தீர்ப்பு சில கிழமைகளில் வந்தது. செய்தி போய்ச் சேராததற்குக் காரணம் இடியும் மழையுமான சீரற்ற காலநிலையாம். அதற்கு ஒருவரும் பொறுப்பில்லையாம். கட்டளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை, பல்பைப் பற்றி ஒரு வரி இல்லை. விழாவைப் பற்றிப் பேச்சே இல்லை. நித்திரை கொண்டார் என்றுகூட அதில் சொல்லவில்லை, எல்லாரும் சொல்கிறார்கள் என்கிறவர்கள் அதையாவது கவனிக்கட்டும். ஆனால் அரசாங்க அலைவரிசையில் சொந்த விஷயம் பேசியது விதிக்கு முரண். அந்தக் குற்றத்தை அவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே வேலை நீக்கம்.

நான் நேரே அத்தியட்சகரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "போகாத பேச்சுக்குத் தண்டனையோ ஐயா? அலைவரிசையில ஏறவே இல்லை எண்டு ஓட்டிக் காட்டினனான். ஏறாத பேச்சு எப்பிடி அலைவரிசையில பேசினதாகும்?"

"போனதோ போகேல்லையோ, பேசினது பேசினதுதானே தம்பி" என்றார். அதே மெல்லிய குரல்.

"உங்கட தகப்பன் எண்டால் என்ன சொல்லியிருப்பியள்?"

"என்ர தகப்பன் ஆத்துப் பள்ளத்தில இருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுக் கைலேஞ்சியை எடுத்துத் தன் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

அவரை அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் பதவி உயர்ந்து, மாலை போட்டு அனுப்பிவைக்கப்பட்டு, நல்லபடியாக ஓய்வு பெற்றார். நான் எண்பத்தொன்பது வரை அந்த வேலையில் இருந்தேன். போகிற குளத்திலெல்லாம் ஒப்பரேற்றர்களை உட்கார வைத்து, பல்ப் வேறு ஏரியல் வேறு என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

தீர்ப்பைப் பெருமாளிடம் யார் சொல்வது என்று ஆளுக்கு ஆள் பின்வாங்கினார்கள். நானே போனேன். ஆற்றுவெளியில் கொஞ்சம் மேட்டில் புதிதாகக் குடிசைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். கையில் மண். என்னைக் கண்டதும் குழி தோண்டிய அலவாங்கைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். செய்தி போகாததற்குக் காலநிலைதான் காரணம், உம்மில் பிழையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு வேலை போனதையும், எதற்காகப் போனது என்பதையும் சொன்னேன். எனக்குச் சொல்லவே கூசியது. தகப்பனைப் பற்றிப் பேசிய அந்தப் பேச்சுக்குத்தான் என்று விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஆற்றுவெளி ஆளுகள ஏத்துங்கன்னு மூணு தடவ கத்துனேனே, அது யாருக்கும் கேக்கல" என்றார். "எங்கப்பாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னது மட்டும் அவங்களுக்குக் கேட்டுருச்சுங்களா ஐயா?"